கோட்டையா, கணவாயா, கேவுருக் காட்டுப் பரணா? குட்டித் திகில் கேமுக்கு நம்ம பக்கத்தில் எந்த இடம்?

போன மாதம் பர்கூர் பக்கம் படிக்கும் மூன்று பையன்கள் என்னைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பன் ஒருவனோடு சேர்ந்து குட்டித் திகில் கேம்கள் செய்து பார்ப்பதும் உண்டு. முடித்தது இரண்டு, பாதியில் விட்டது ஐந்து.

"அண்ணா, அரை மணி நேரத்துல முடியற மாதிரி ஒரு திகில் கேம் பண்றோம். எடம் நம்ம ஊரு பக்கமாவே இருக்கணும். கோட்டையா, தொப்பூரா, வேற எதாவதா? நீங்களே சொல்லிடுங்க" என்றான் மூத்தவன்.

இந்த வருஷம் இதே கேள்வி எனக்கு நான்காவது முறை வருகிறது. கேட்கிற எல்லோருடைய ஃபோனிலும் ராயக்கோட்டை மலையின் படம் ஒன்று தயாராக இருக்கும். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று, நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். தலையாட்டுவதற்கு முன்னால் நான்கு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்: மலைக்கோட்டை, பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் நிற்கும் மேடு, தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி கேபின், கேவுரு (கேழ்வரகு) விளைச்சலைக் காக்கக் கட்டும் மரப் பரண்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஆட்டக்காரரை எது கட்டிப்போடுகிறது என்பது. குட்டித் திகில் கேம்களில் பேர் வாங்கியவற்றை எடுத்துப் பாருங்கள். 2014-இல் இலவசமாக வந்த 'பி.டி.'-யில் இருந்தது எல் வடிவத்தில் ஒரு வீட்டு நடை மட்டும்தான். கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடி அதே நடை. 2023-இல் வந்த 'தி எக்ஸிட் 8' ஒரு சுரங்கப்பாதை. ஏதாவது மாறியிருந்தால் திரும்பிப் போ, மாறவில்லை என்றால் முன்னால் போ. 2022-இல் வந்த 'அயர்ன் லங்' இன்னும் மோசம். ஒரு துருப்பிடித்த நீர்மூழ்கிக்குள் அடைத்துவிடுவார்கள், ஜன்னல் மூடியிருக்கும், வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க பட்டனை அழுத்தி ஒரு ஸ்டில் ஃபோட்டோ எடுக்க வேண்டும். மூன்றிலும் இடம் சின்னது, அதைவிட்டுப் போகமுடியாததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. திறந்த மைதானத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவரைக் கட்டி ஆட்டக்காரரை நிறுத்தினால், அந்த நிமிஷமே பயம் போய்விடும்.

இரண்டாவது, ஒலி. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் என்ன கேட்கிறது? ஒன்றும் தனியாகக் கேட்கவில்லை என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை.

ஒகேனக்கல்லை நான் பட்டியலிலேயே சேர்க்காதது இதனால்தான். பெயரே கன்னடத்தில் 'புகையும் கல்'. பார்க்க ஆவி பறக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அருவிச் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். பின்னால் வருகிற காலடி கேட்காத இடத்தில் திகில் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, உங்கள் லேப்டாப்பும் ஆள்பலமும். நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: அந்த இடம் யாருடையது? அங்கே யார் கும்பிடுகிறார்கள், யாருடைய வீட்டு ஆள் அங்கே செத்திருக்கிறார்?

| இடம் | கட்டிப்போடுவது | ஒலி | செய்ய வேண்டிய வேலை | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| மலைக்கோட்டை | படி ஏறும்போது மட்டும் | காற்று, வவ்வால் | மிக அதிகம் | மாடலிங், அனுமதி |
| கற்திட்டை மேடு | எதுவும் இல்லை | ஏறக்குறைய அமைதி | குறைவு | புதையல் ஆசை |
| தொப்பூர் லாரி கேபின் | ஸ்டியரிங்கும் இறக்கமும் | மிக வளமானது | நடுத்தரம் | சாலையின் நீளம், ஊர்க்காரர் துக்கம் |
| கேவுருக் காட்டுப் பரண் | மரம், இருட்டு, யானை | மிக வளமானது | குறைவு | ஒலிப்பதிவு, பொறுமை |

## மலைக்கோட்டை

கடை வாசலில் நின்றால் எனக்கு எதிரே தெரிவது கிருஷ்ணகிரிக் கோட்டை மலை. சையத் பாஷா மலை என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கு உடனே புரியும். 1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இந்த மலையின் மேல் பாய்ந்து, உச்சியைப் பிடிக்க முடியாமல் இறங்கிப் போனது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (நம்ம பகுதியின் அன்றைய பெயர்) மொத்தமும் திப்புவிடமிருந்து கைமாறியபோதுதான் இது அவர்களுக்குக் கிடைத்தது. ராயக்கோட்டை அதற்கு முன்பே, 1791 ஜூலையில் விழுந்துவிட்டது. இப்படிக் கதை தானாகவே கையில் வந்து விழும்போது எந்தப் பையன் விடுவான்? நானும் விடவில்லை. பாதியில் விட்ட ஐந்தில் இரண்டு கோட்டைதான்.

கோட்டையில் நல்லது படிக்கட்டு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு, ஏறினால் ஒரே வழி. அதுவரை ஆட்டக்காரர் உங்கள் கையில். மேலே போனதும் மதில், சுனை, கூரை போன கட்டடம், பாறை இடுக்கு என்று நாலாபக்கமும் திறந்துவிடுகிறது. அங்கேதான் உங்கள் கேம் கலைகிறது. பையன் சுனையில் கல் எறிந்து விளையாட ஆரம்பித்துவிடுவான்.

செலவைச் சொல்கிறேன். அடிவாரத்தில் ஒரே ஒரு பாறையைச் சுற்றி ஃபோனில் 180 படம் எடுத்து, அதை மென்பொருளில் கொடுத்து 3டி மாடலாக்கினேன். ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் 38 லட்சம் முக்கோணங்களோடு (3டி உருவம் முக்கோணங்களால்தான் ஆனது) ஒரு பாறை வந்து நின்றது. 8 ஜிபி ராம் உள்ள மெஷின் அதைத் திறக்கும்போதே மூச்சு வாங்கியது. அதைச் சில ஆயிரமாகக் குறைத்து, மேல்தோலை மறுபடி ஒட்டி, ஓரம் சரிசெய்ய மூன்று ஞாயிறு போனது. கோட்டையில் ஒரு பாறையா இருக்கிறது?

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. 1999-இல் 'சைலண்ட் ஹில்' ஊர் முழுக்கப் பனிமூட்டத்தைப் போட்டதில் பாதி, அந்தக் கால பிளேஸ்டேஷனால் தூரத்தை வரையமுடியாததை மறைக்கத்தான். மார்கழிக் காலையில் நம்ம மலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பனி பொய்யாகத் தெரியாது. நான்கு அடிக்கு மேல் தெரியாத மாதிரி வைத்தால் பாறையை மொத்தையாகவே விட்டுவிடலாம்.

அப்புறம் அனுமதி. இரண்டு கோட்டைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சும்மா ஏறிப் போய் ஃபோனில் படம் எடுப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். ட்ரோன், ஸ்டாண்டு, லைட் என்று போனால் அனுமதி வாங்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் மேலே இருக்கக்கூடாது, ஆகவே உங்களுக்கு மிகவும் தேவையான இரவுச் சத்தம் கிடைக்காது. இன்னொன்று: கிருஷ்ணகிரி மலை உச்சியில் தர்கா இருக்கிறது. எல்லா மதத்தாரும் போய் வருகிற இடம். அதைப் பேய்க்கட்டடமாக ஆக்கினால் நான் உங்களோடு பேசமாட்டேன்.

கோட்டை யாருக்கு? 3டி மாடலிங் கைவந்த ஒருவர் குழுவில் இருந்து, ஆறு மாதம் பொறுமையும் இருந்தால். அப்போதும் படிக்கட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகவே முடியாத ஏற்றமாக வையுங்கள்.

## கற்திட்டை மேடு

சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில், குன்றின் மேல் மொட்டைப் பாறையில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஒரு பலகையில் மட்டும் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்பார்கள். பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று இந்த மாதிரித் திட்டைகளுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர்.

அந்தத் துளைக்கு நேராகக் குனிந்து கண்ணை வைக்கும்போது பின்கழுத்தில் ஒரு குளிர் வரும் பாருங்கள், அதுதான் கேம். பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஒரு திட்டையைச் செய்து இருபது முறை பிரதி எடுத்தால் இடம் தயார். 'எக்ஸிட் 8' பாணியில் ஒவ்வொரு துளையாகப் பார்த்து, எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வைக்கலாம். 48 மணி நேரத்தில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் கேம் ஜாமுக்கு இதைவிட நல்லது கிடைக்காது.

ஒரே ஒரு கண்டிப்பு: கல்லுக்கு அடியில் புதையல் என்று கதை கட்டாதீர்கள். அந்த நம்பிக்கையால்தான் திட்டைகளையும் நடுகற்களையும் நோண்டிப் போட்டிருக்கிறார்கள். நம்ம மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று 2022-இல் அறிவித்ததிலிருந்து வெளியூர் ஆட்கள் கண்ணும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நடுகல்லை வைத்தும் கதை வேண்டாம் என்பேன். வெளியூர்க்காரருக்கு அது பழைய கல். நமக்கு வேடியப்பன், பொங்கல் வைத்துக் கும்பிடுகிற சாமி.

## தொப்பூர் கணவாய்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூரில் மளமளவென்று இறங்கும். அதில் நடப்பது என்ன என்று பாரவண்டி ஓட்டுபவரைக் கேட்டால் இரண்டே வரியில் சொல்லிவிடுவார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறக்குவார்கள், வண்டி ஓட்டம் பிடிக்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள், டிரம் சூடாகி லைனர் தீய்ந்து, கடைசியில் மிதித்தால் பிடிக்காது.

இந்த இரண்டு வரியும் அப்படியே கேம் விதி. டேஷ்போர்டில் காற்றழுத்த முள் ஒன்று இருக்கும். ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி மிதித்தால் டேங்கில் காற்று இறங்கும், முள் சிவப்புக்குப் போகும், பஸர் கத்த ஆரம்பிக்கும். ஆட்டக்காரருக்கு வேறு ஸ்கோரோ ஆயுள் கோடோ காட்டவே வேண்டாம், அந்த முள் போதும். பக்கத்து சீட்டில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிற கிளீனர். சேலம் போகும்வரை அவன் முகத்தைக் காட்டாதீர்கள். கண்ணாடியில் தொங்கும் பிளாஸ்டிக் மாலை வளைவுக்கு வளைவு எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை மட்டும் சரியாகச் செய்யுங்கள். வண்டி சாய்வதற்கு எதிர்ப்பக்கம் ஒரே ஒரு முறை அது ஆடினால் பார்ப்பவனுக்கு வயிறு கலங்கும்.

கேபின் சின்ன இடம், இறங்கமுடியாது, ஒலி கொட்டிக் கிடக்கிறது. முதல் இரண்டு அளவுகோலிலும் கோட்டையைத் தூக்கிச் சாப்பிடுகிறது. சிக்கல் சாலையில். மணிக்கு 40 கிலோமீட்டரில் அரை மணி நேரம் ஓடினால் 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். யார் செய்வது? கேபினை அசையாமல் நிறுத்தி, நான்கு துண்டுச் சாலையை மாற்றி மாற்றி எதிரே ஓடவிட்டுவிடலாம். அதே இரட்டைப் பாலம் மூன்றாவது தடவை வரும்போது ஆட்டக்காரருக்கே சந்தேகம் வரும். உங்கள் சோம்பேறித்தனம் கதையாகிவிடும்.

நான்காவது அளவுகோலில்தான் இது தடுமாறுகிறது. தொப்பூரில் செத்தவர்கள் கற்பனை ஆட்கள் இல்லை. என் கடைக்கு வருகிற ஒரு அம்மா அந்த இறக்கத்தில் மகனை விட்டவர். குறிப்பிட்ட விபத்து, வண்டி நம்பர், தேதி எதையும் தொடாதீர்கள். கணவாய்க்கே கற்பனைப் பெயர் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. லாரிக் குடும்பத்துப் பையன் ஒருவன் குழுவில் இருந்தால் இதை எடுங்கள். எந்த வளைவில் எந்த கியர் என்று தெரியாதவர்கள் செய்தால், ஓட்டுநர் ஒருவர் பார்த்தவுடனே சிரித்துவிடுவார்.

## கேவுருக் காட்டுப் பரண்

இதை யாரும் கேட்டு வருவதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் கேவுரு கதிர் பிடிக்கிற பருவத்தில் கர்நாடகத்து பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கும். விளைச்சலைக் காக்க மரத்தில் பரண் கட்டி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். கையில் டார்ச், ஒரு தகர டின், கொஞ்சம் பட்டாசு. நண்பனின் பெரியப்பாவோடு நான் ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். பதினொரு மணி வரைக்கும் எனக்குக் குளிரைத் தவிர ஒன்றும் இல்லை. தவளையும் பூச்சியும் காதைப் பிளந்துகொண்டிருந்தன. கிழக்கு மூலையில் மட்டும் அந்தச் சத்தம் நின்றது. மற்ற மூன்று பக்கமும் கத்திக்கொண்டுதான் இருந்தன. பெரியப்பா பீடியை அணைத்துவிட்டு, "அங்க நிக்குது" என்றார்.

"சத்தமே இல்லையே பெரியப்பா?"

"சத்தமில்லன்னாதான் நிக்குது. சும்மா இரு."

யானையின் பாதம் மெத்தை மாதிரி. அவ்வளவு பெரிய உடம்பு நடந்து வருவது காதில் விழாது. கொஞ்ச நேரம் கழித்துத் தாள் ஒடிகிற சத்தம் கேட்டது, கொத்தாகப் பிடுங்கி மண்ணை உதறுகிற சத்தம் கேட்டது. எத்தனை, எவ்வளவு தூரம், ஒன்றும் தெரியாது. டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்றால், அடித்தால் நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு தயக்கத்தை அப்படியே தூக்கிக் கம்ப்யூட்டரில் வைத்தால் கேம் முடிந்தது.

அளவுகோலுக்கு வருவோம். பரணை விட்டு இறங்கமுடியாது, காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. இருட்டு என்பதால் வரைய வேண்டியது எட்டு அடிக்கு எட்டு அடிப் பலகை, ஒரு மரம், டார்ச் வெளிச்சம் விழும் அளவுக்குக் கதிர். பழைய லேப்டாப்பிலும் ஓடும். டார்ச் பேட்டரி ஒரு கணக்கு, பட்டாசு ஆறு என்று இன்னொரு கணக்கு. நான்கு பக்கத்துப் பூச்சிச் சத்தத்தையும் நான்கு தனி ஒலித்தடமாக வைத்து, ஒன்றை மட்டும் மெதுவாக இறக்குங்கள். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் இறங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்ஃபோன் இல்லாமல் ஆடமுடியாது என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இங்கே செலவெல்லாம் ஒலியில். காட்டுக்குள் போய்ப் பதிவு செய்வதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் போகாதீர்கள். ஊர் ஓரத்து வயலில், சாயங்காலம், ஃபோன் மைக்கைச் சுற்றி ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கட்டிப் பூச்சிச் சத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். கேவுருத் தாளின் சத்தம் மைக்கில் சப்பென்று வருகிறது. காய்ந்த சோளத்தட்டை ஒடித்தும் பச்சை வாழைமட்டையை முறுக்கியும் பாருங்கள், அதுதான் யானை தின்கிற மாதிரி இருக்கிறது. யானையின் உறுமலில் பெரும்பகுதி நம் காதுக்கே எட்டாத தாழ்ந்த ஒலி, ஆகவே அதைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். இணையத்திலிருந்து வேறு எதை எடுத்தாலும் உரிமத்தைப் படியுங்கள்; இலவசம் என்று போட்டிருப்பதிலேயே வணிகத்துக்கு ஆகாதவை கலந்திருக்கும்.

யானையை அரக்கனாக்கும் ஆசை வரும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. கேமில் ஆட்டக்காரருக்கு ஆறு பட்டாசும் தீர்ந்தபின் ஒரு சுவிட்சைக் காட்டுங்கள். அது எதற்கு என்று சொல்லாதீர்கள். நான் எழுதி வைத்திருக்கும் முடிவு இதுதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கேம், மூன்று பேர், பழைய லேப்டாப், மாடலிங் தெரியாது என்றால் என் பதில் பரண். யாருக்கும் பொறுமையாக ஒலி வெட்டத் தெரியாது என்றால் மட்டும் இதை விட்டுவிட்டு லாரிக்குப் போங்கள்.

## இடம் எதுவானாலும் வருகிற செலவு

தமிழ் எழுத்து. பல கேம் இன்ஜின்களில் (கேம் செய்யும் மென்பொருள்) 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 என்ற இன்ஜினில் தமிழ் ஒழுங்காக வருகிறது, இன்ஜினும் இலவசம். நான் அதற்கு மாறியதே இதற்காகத்தான்.

விற்பனை. குட்டி கேம்களைப் போட்டு விற்கிற இட்ச் தளத்தில் முன்பணம் கிடையாது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். 1,000 டாலர் விற்றால்தான் அது திரும்பி வரும். அதைவிடப் பெரிய அடி வேறு இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். உங்கள் கேமே அரை மணி நேரம். முழுசாக ஆடி, பயந்து, பாராட்டி நான்கு வரி எழுதிவிட்டுப் பணத்தையும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். 2021-இல் 'சம்மர் ஆஃப் '58' என்ற குட்டித் திகில் கேமைச் செய்தவர், நல்ல பேர் வந்தும் இப்படியே பணம் திரும்பிப் போகிறது என்று சொல்லி கேம் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தார். முதல் கேமை இட்ச்சில் விரும்பிய விலைக்கு என்று போடுங்கள். பத்து பேர் ஐம்பது ரூபாய் கொடுத்தால் அதுவே பெரிசு.

பர்கூர்ப் பையன்களுக்கு இவ்வளவும் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். போன வியாழக்கிழமை லேப்டாப் சார்ஜர் மாற்ற மூத்தவன் மட்டும் வந்தான். கேட்டேன். கோட்டைதான் செய்கிறார்களாம். சுனை வரைக்கும் வந்திருக்கிறார்களாம்.